மாநாட்டு ரூம் பிளாக்கில் தங்கினால் ஹோட்டல் பாயிண்ட் ஏறுமா? எனக்கு இன்னும் 4 இரவுதான் பாக்கி

ஓஹையோ_வேம்பு எழுதியது:

நவம்பர் கடைசியில் என் துறை மாநாடு சிகாகோவில், மெக்கார்மிக் பிளேஸ் மாநாட்டு மையத்தில் நடக்கிறது. நான்கு இரவு தங்க வேண்டும். மாநாட்டுக்காரர்கள் பக்கத்திலிருக்கும் ஒரு மேரியட் ஹோட்டலில் ரூம் பிளாக் எடுத்திருக்கிறார்கள், அதாவது வருபவர்களுக்காக ஒரு குரூப் விலையில் மொத்தமாக அறைகளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இரவுக்கு 249 டாலர், வரி தனி. நான் ஹோட்டல் ஆப்பில் பதிவு செய்யவில்லை, மாநாட்டுத் தளத்தில் அறைக்கென்று இருந்த பக்கத்தில்தான் செய்தேன். அங்கே மெம்பர்ஷிப் எண் கேட்டார்கள், கொடுத்தேன். இரண்டு வாரம் ஆகிறது, இன்றுவரை அந்தப் பதிவு என் ஆப்பில் தெரியவில்லை.

மேரியட்டின் உறுப்பினர் திட்டமான பான்வாயில் என் கணக்கில் இந்த ஆண்டு 46 இரவு ஆகியிருக்கிறது. 50 ஆனால் பிளாட்டினம் என்ற உயர் நிலை கிடைக்கும். டிசம்பரில் வேறு பயணம் இல்லை, வீட்டில் கைக்குழந்தை, போகவும் முடியாது. அடுத்த ஆண்டு அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து வருகிறார்கள், அவர்களை நாலைந்து ஊருக்குக் கூட்டிப்போக நினைத்திருக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி. காலையில் அவசரமாக அறையைக் காலி செய்யாமல், பிளாட்டினம் தரும் சலுகையில் மாலை 4 மணி வரை இருக்க முடிந்தால் அதுவே பெரிய உதவி. அதனால்தான் இந்த 4 இரவைப் பற்றி இவ்வளவு யோசிக்கிறேன்.

இதில் இரண்டு சிக்கல். ஒரு அமர்வில் நான் அழைப்புப் பேச்சாளர் என்பதால் முதல் இரண்டு இரவு "அறையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அமைப்பாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மீதி இரண்டு இரவை நான் கட்டிவிட்டுப் பல்கலைக்கழகத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். என் மாணவி ஒருவர் போஸ்டர் வைக்க வருகிறார், அவருக்கும் அதே முதல் இரண்டு இரவு அறை, அதுவும் என் கார்டில்தான் போகும், ஆராய்ச்சி நிதியிலிருந்து திரும்ப வரும்.

குரூப் விலையில் தங்கினால் இரவு கணக்கில் ஏறுமா? அமைப்பாளர் கட்டும் இரண்டு இரவு என்ன ஆகும்? மாணவியின் அறைக்கும் நான்தான் கட்டுகிறேன் என்பதால் அந்த இரவுகளும் எனக்கு வருமா? இதே ஹோட்டல் ஆப்பில் இன்று 221 டாலர் காட்டுகிறது. பேசாமல் பிளாக்கை ரத்து செய்துவிட்டு அதில் போட்டுவிடலாமா?

நடுநிசி_விமானம் எழுதியது:

குரூப் விலை என்பதாலேயே பாயிண்ட் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள், அது தேவையில்லாத பயம். பிளாக்கில் எடுத்த அறைக்குத் தங்குபவரே ஹோட்டலில் தன் கார்டைக் கொடுத்துப் பணம் கட்டினால் மேரியட்டிலும் ஹயாட்டிலும் ஹில்டனிலும் அது சாதாரணத் தங்கல் போலத்தான் கணக்காகும். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்தான்: பணம் யார் கையிலிருந்து ஹோட்டலுக்குப் போகிறது, பதிவு எந்த வழியாக வந்தது. முன்பணம் முழுவதையும் ஒரு பயண ஏஜென்சி வாங்கிக்கொண்டு அவர்கள் ஹோட்டலுக்குக் கட்டுகிறார்கள் என்றால் அது எக்ஸ்பீடியாவில் போட்டது மாதிரிதான், பாயிண்ட் கிடையாது. மாநாட்டுப் பக்கம் வெறும் கார்டு எண்ணை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, பணத்தை ஹோட்டல்தான் எடுக்கப்போகிறது என்றால் கவலையில்லை. உங்கள் உறுதி மின்னஞ்சலை எடுத்துப் பாருங்கள், கார்டில் ஏற்கெனவே தொகை எடுத்திருக்கிறார்களா, எடுத்திருந்தால் யார் பெயரில் என்று.

ஆப்பில் தெரியாததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: மாநாட்டுப் பக்கம் கொடுக்கும் உறுதி எண் வேறு, ஹோட்டலின் உறுதி எண் வேறு. பாஸ்கீ மாதிரியான மாநாட்டு அறைப் பதிவுத் தளங்கள் பெயர்ப் பட்டியலை ஹோட்டலுக்கு அனுப்பி, ஹோட்டல் அதைத் தன் கணினியில் ஏற்றிய பிறகுதான் ஹோட்டல் எண் பிறக்கும். சில இடங்களில் உடனே ஏறும், சில மாநாடுகளில் அறைப் பதிவுக்கான கடைசி நாள் முடிந்த பிறகு மொத்தமாக அனுப்புவார்கள். அந்தப் பயணத்தில் மெம்பர்ஷிப் எண் தொலைந்துபோவது சகஜம், எனக்கே மூன்று முறை ஆகியிருக்கிறது. ஹோட்டலுக்கு நேரடியாக ஃபோன் செய்யுங்கள். பொது எண்ணில் கூப்பிட்டால் கால் சென்டருக்குப் போகும், அவர்களால் குரூப் பதிவைச் சரியாகப் பார்க்க முடியாது. ஹோட்டல் ரிசர்வேஷன் பிரிவைக் கேட்டு, உங்கள் கடைசிப் பெயரையும் மாநாட்டுப் பெயரையும் சொன்னால் தேடி எடுத்துக் கொடுப்பார்கள். அந்த எண்ணை ஆப்பில் சேர்த்துவிட்டால் உங்களுக்கும் நிம்மதி.

கணக்கும் போட்டுவிடுவோம். 249 டாலர், 4 இரவு, 996 டாலர். டாலருக்கு 10 பாயிண்ட், 9,960. நீங்கள் இப்போது கோல்ட் (பிளாட்டினத்துக்குக் கீழ் நிலை) என்றால் அதன்மேல் 25 சதவீதம், 2,490. மொத்தம் 12,450. வரிக்குப் பாயிண்ட் வராது. நான்கு இரவையும் நீங்களே கட்டினால்தான் இது.

மாணவி அறை விஷயத்தில் ஏமாற வேண்டாம். நீங்களும் அதே ஹோட்டலில் தங்கி, பணமும் நீங்களே கட்டினால் மூன்று அறை வரை பாயிண்ட் உங்களுக்கு வரும். ஆனால் இரவுக் கணக்கு நீங்கள் படுக்கும் ஒரே ஒரு அறைக்குத்தான். மேரியட் வாங்கிய ஸ்டார்வுட் ஹோட்டல்களின் பழைய திட்டத்தில் மூன்று அறைக்கும் இரவு ஏறும். 2018 ஆகஸ்டில் இரண்டு திட்டங்களையும் இணைத்தபோது அதை எடுத்துவிட்டார்கள். ஹயாட்டிலும் இப்படித்தான், பாயிண்ட் மூன்று அறைக்கு, இரவு ஒன்றுக்கு.

அப்பா அம்மாவுக்காக என்று எழுதியிருந்தீர்கள், அதனால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிளாட்டினத்தின் 4 மணி சலுகை ரிசார்ட்டிலும் மாநாட்டு ஹோட்டலிலும் உறுதி கிடையாது, அறை காலியாக இருந்தால்தான். மற்ற பெரும்பாலான ஹோட்டல்களில் உறுதி. லவுஞ்சில் உங்களோடு ஒரே அறையில் தங்கும் ஒருவருக்குத்தான் அனுமதி. அவர்களுக்குத் தனி அறை எடுப்பதாக இருந்தால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த 46-இல் கிரெடிட் கார்டு கொடுக்கும் 15 இரவும் சேர்ந்திருக்கிறதா?

பரங்கிமலை_75 எழுதியது:

அமைப்பாளர் கட்டும் அந்த இரண்டு இரவை நம்பி உட்காராதீர்கள். எனக்கு இரண்டு முறை மாஸ்டர் பில்லில், அதாவது அறைக்கான பணத்தை அமைப்பாளரே ஹோட்டலுக்கு மொத்தமாகக் கட்டும் ஏற்பாட்டில், தங்கிய அனுபவம் உண்டு, இரண்டும் வேறு வேறு ஊர். ஒரு முறை பாயிண்ட் பூஜ்யம், ஆனால் இரவு மட்டும் ஏறியது. இன்னொரு முறை இரண்டுமே ஏறவில்லை, நான் எழுதிக் கேட்டதற்கு "அறைக்கு நீங்கள் பணம் கட்டவில்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. சண்டை போட என் கையில் எதுவும் இல்லை, ஃபோலியோவில் (ஹோட்டல் தரும் விவரமான பில்லில்) அறை வாடகை என்ற பதிவே கிடையாது, நான் சாப்பிட்ட இரவுச் சாப்பாடு 38 டாலர் மட்டும் இருந்தது. 50-ஐத் தொட 4 தேவை, கையில் இருப்பதும் 4 என்கிற நிலையில் இப்படி ஒரு சந்தேகத்தை வைத்துக்கொண்டு சிகாகோ போகக் கூடாது. நான்கையும் நீங்களே கட்டிவிட்டு, முதல் இரண்டு இரவுக்கான தொகையை அமைப்பாளர்களிடமிருந்து காசோலையாகத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியுமா என்று இன்றைக்கே கேளுங்கள். பேச்சாளர்கள் பலர் இப்படிச் செய்கிறார்கள்.

ஓஹையோ_வேம்பு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கார்டு தரும் 15-ம் சேர்ந்துதான் 46. கார்டில் இன்னும் தொகை எடுக்கவில்லை, ஹோட்டலில்தான் எடுப்பார்கள் என்று மின்னஞ்சலில் தெளிவாக இருக்கிறது. மாணவி அறைக்கு இரவு வராது என்பது புரிந்தது, நல்லவேளை கேட்டேன்.

221-ஐப் பற்றி யாரும் சொல்லவில்லையே? நான்கு இரவுக்கு 112 டாலர் மிச்சம். என் சொந்தப் பணம் இல்லைதான், ஆனாலும் ஆராய்ச்சி நிதியில் 112 டாலர் என்பது எனக்குச் சின்னத் தொகை இல்லை.

மண்டபம்_பிடித்தவள் எழுதியது:

நான் கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு மூன்று ஆண்டு ஹோட்டல் பொறுப்பைப் பார்த்தவள் நான், தன்னார்வமாகத்தான். மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது தெரிந்தால் நீங்களே முடிவெடுப்பீர்கள்.

ஒரு அமைப்பு பிளாக் எடுக்கும்போது ஹோட்டலோடு ஒப்பந்தம் போடுகிறது. உதாரணத்துக்கு 300 அறை, 3 இரவு, 900 அறை-இரவு. இதில் குறைந்தது 80 சதவீதத்தை, அதாவது 720-ஐ, நிரப்பித் தருகிறோம் என்று கையெழுத்துப் போடுகிறோம். அதற்குப் பதிலாகத்தான் கூட்ட அரங்குகளை வாடகை இல்லாமலோ குறைத்தோ தருகிறார்கள். 640 தான் நிரம்பியது என்று வையுங்கள். குறைந்த 80-க்கும் நாங்கள் கட்ட வேண்டும். இரவுக்கு 179 டாலர் என்றால் 14,320 டாலர். சில ஒப்பந்தங்களில் முழு வாடகைக்குப் பதில் ஹோட்டலின் லாபப் பங்கை மட்டும் கேட்பார்கள், சிலவற்றில் முழுசாகவே கேட்பார்கள். எங்கள் இரண்டாம் ஆண்டில் இந்தப் பள்ளத்தில் விழ இருந்தோம். கடைசி பத்து நாள் இரவு முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஃபோன் செய்தேன். பாதிப் பேர் "நாங்கள் ஏற்கெனவே அதே ஹோட்டலில்தான் அறை போட்டுவிட்டோம், ஆப்பில் 15 டாலர் குறைவாக இருந்தது" என்றார்கள். விழாவுக்கு வருகிறார்கள், அதே ஹோட்டலில் தூங்குகிறார்கள், ஆனால் எங்கள் கணக்கில் அவர்கள் இல்லை.

அப்போது எங்களைக் காப்பாற்றியது ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வரி. விழாவுக்குப் பதிவு செய்தவர்களின் பெயர்ப் பட்டியலையும் ஹோட்டலில் அந்த நாட்களில் தங்கியவர்களின் பட்டியலையும் ஒப்பிட்டு, எந்த விலையில் எந்த வழியாகப் போட்டிருந்தாலும் எங்கள் ஆட்களை எங்கள் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று முன்பே கேட்டு எழுதி வாங்கியிருந்தோம். ஹோட்டல் விற்பனைப் பிரிவுப் பெண்மணியோடு உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தோம். பிரச்சினை தீர்ந்தது. இந்த வரி எல்லா ஒப்பந்தத்திலும் இருக்காது. ஆகவே வேம்பு, 221-க்கு ஓடுவதற்கு முன்னால் அமைப்பாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், "ஹோட்டல் தன் ஆப்பில் உங்கள் பிளாக் விலையைவிடக் குறைத்து விற்கிறது" என்று. குறைந்த விலை வெளியே கிடைத்தால் பிளாக்குக்கும் அதைத் தர வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும், அமைப்பாளர்களுக்கு அந்த விலை கண்ணில் படாமலே போயிருக்கலாம். நீங்கள் சொன்னால் பிளாக்கில் இருக்கும் எல்லோருக்கும் விலை குறையலாம். இன்னொன்று, ஆப்பில் காட்டும் குறைந்த விலை முன்பணம் கட்டி ரத்து செய்ய முடியாத விலையா என்று பாருங்கள். பிளாக் அறையைப் பொதுவாகச் சில நாள் முன்பு வரைகூட ரத்து செய்யலாம். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்கிறீர்கள், அந்த வசதிக்கு 112 டாலர் கொடுக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்போது பேச்சாளர் அறை. பரங்கிமலை சொன்னதில் பாதிதான் எனக்குச் சம்மதம். அமைப்பாளர்கள் "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் அறைகள் பல நேரங்களில் பணம் கட்டி எடுத்ததே அல்ல. ஒவ்வொரு 40 அறை-இரவுக்கோ 50-க்கோ ஒன்று இலவசம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். 720 நிரம்பினால் 40-க்கு ஒன்று கணக்கில் 18 இரவு. நாங்கள் அதைத்தான் ஊரிலிருந்து வரும் கலைஞர்களுக்கும் பேச்சாளர்களுக்கும் பிரித்துக் கொடுப்போம். ஒருவர் வந்து "அறை வேண்டாம், நானே கட்டுகிறேன், காசோலையாகக் கொடுங்கள்" என்றால் எங்கள் பையில் இல்லாத பணத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். இலவச இரவு ஒன்று கையில் மிஞ்சி நிற்கும், பணம் வெளியே போயிருக்கும். உங்களுக்காக ஒதுக்கியது இலவச அறையா, மாஸ்டர் பில்லில் கட்டுவதா என்று முதலில் கேளுங்கள். மாஸ்டர் பில் என்றால் திருப்பித் தருவது அவர்களுக்கு ஒன்றும் சிரமம் இல்லை. இலவச அறை என்றால் கேட்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

கடைசியாக ஒன்று, இது வேம்புக்கு இல்லை, இதைப் படிக்கும் சங்கத்துக்காரர்களுக்கு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவருக்கு ஹோட்டல்கள் தனியாகப் பாயிண்ட் தருகின்றன. மேரியட்டில் தகுதியான செலவுக்கு டாலருக்கு 2, ஐஎச்ஜி ஹோட்டல்களில் 3, ஹயாட்டில் 1, ஒவ்வொன்றிலும் சின்ன எழுத்தில் நிபந்தனைகள் உண்டு. ஹயாட்டில் இன்னும் ஒரு படி மேலே, 60 இரவுக்குப் பதிலாக 20 கூட்டங்கள் நடத்தினாலே குளோபலிஸ்ட் என்ற உயர் நிலைக்குப் போகலாம். என் பெயரில் வந்த பாயிண்டை என்ன செய்வது என்று முதல் ஆண்டே செயற்குழுவில் எழுப்பினேன். பணம் நம் மக்களுடையது, கையெழுத்து மட்டும்தான் என்னுடையது. அடுத்த விழாவுக்கு வந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் இருவருக்கு அந்தப் பாயிண்டில் அறை போட்டோம், அதைக் கூட்டக் குறிப்பிலும் எழுதி வைத்தோம். இதைப் பேசாமல் விட்ட சங்கங்களில் பிறகு மனக்கசப்பு வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தம் போடும் அன்றைக்கே பேசிவிடுவது நல்லது.

அடையாறு_டிராவல்டெஸ்க் எழுதியது:

அக்கா எழுதியதை எங்கள் அலுவலகக் குழுவில் அப்படியே அனுப்பப்போகிறேன். சென்னையில் ஒரு நிறுவனத்தின் டிராவல் டெஸ்க்கில் இருக்கிறேன். இங்கே கதை கொஞ்சம் வேறு. நம் ஊரில் பெரும்பாலான கான்ஃபரன்ஸ் புக்கிங் பில் டு கம்பெனிதான், அறையும் சாப்பாடும் பேன்க்வெட் ஹாலும் ஒரே பில்லாக நிறுவனத்துக்குப் போகும், தங்குபவர் கார்டை நீட்டுவதே இல்லை. பாயிண்ட் வரவில்லை என்று திரும்பி வந்து எங்களிடம் கேட்பவர்களுக்கு இதைத்தான் விளக்குகிறேன். இருவர் சேர்ந்து தங்கும் அறை என்றால் இன்னும் சிக்கல், ஒரு அறைக்கு ஒருவர் கணக்கில்தான் ஏறும்.

ஒரு தவறான எண்ணம் மட்டும் பரவலாக இருக்கிறது. ஜிஎஸ்டி எண் போட்டு நிறுவனத்தின் பெயரில் பில் வாங்கினால் பாயிண்ட் போய்விடும் என்று நினைத்து சிலர் பில்லைத் தங்கள் சொந்தப் பெயரில் வாங்கி வந்துவிடுகிறார்கள். அப்புறம் அக்கவுண்ட்ஸில் அதை ஏற்க மறுத்து ஒரே தகராறு. பில்லில் நிறுவனத்தின் பெயர் இருப்பது வேறு, பணத்தை நிறுவனம் நேரடியாகக் கட்டுவது வேறு. தங்குபவர் கார்டில் கட்டிவிட்டு, பில்லை மட்டும் நிறுவனத்தின் பெயரிலும் ஜிஎஸ்டி எண்ணிலும் வாங்கினால் பாயிண்ட் அவருக்கு வந்துவிடுகிறது, நான் கையாண்ட எத்தனையோ பயணங்களில் பார்த்திருக்கிறேன். செக்-இன் செய்யும்போதே ஃப்ரண்ட் டெஸ்க்கில் சொல்லிவிட வேண்டும், பில் போட்ட பிறகு மாற்றச் சொன்னால் கஷ்டம்.

வேம்பு சார், செக்-அவுட் செய்யும்போது ஃபோலியோவை மின்னஞ்சலில் வாங்காமல் கிளம்பாதீர்கள். விடுபட்ட தங்கலைக் கேட்டு எழுதும்போது அதைத்தான் கேட்பார்கள். அதில் அறை வாடகை தனியாகக் குறித்திருக்க வேண்டும், கீழே உங்கள் கார்டின் கடைசி நான்கு இலக்கம் இருக்க வேண்டும்.

தண்டவாளம் எழுதியது:

மண்டபம்_பிடித்தவள் அவர்களின் பதிலை மதிக்கிறேன், ஆனால் எல்லோருக்கும் பிளாக்கிலேயே தங்குங்கள் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது மாநாட்டு ஹோட்டல் 260 டாலர், எனக்குக் கிடைத்த பயண உதவி மொத்தமே 500. மண்டபத்திலிருந்து நாற்பது நிமிட ரயில் தூரத்தில் 70 டாலர் அறையில் தங்கினேன். அமைப்பாளர்கள் ஒப்பந்தம் போட்டது அவர்களுடைய முடிவு, அந்தச் சுமையைக் குறைந்த பணத்தோடு வருபவர்கள் தலையில் ஏற்றக் கூடாது. மாணவர்களால் கட்ட முடிகிற விலையில் ஒரு ஹோட்டலையாவது பட்டியலில் சேர்க்காமல் பிளாக் நிரம்பவில்லை என்று வருந்துவதில் என்ன இருக்கிறது?

அப்புறம் எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை. மாநாட்டுக்குப் பதிவு செய்தவர்களுக்கு, முக்கியமாக ஸ்டால் போடுபவர்களுக்கு, "உங்கள் மாநாட்டு ஹோட்டல் பிரிவிலிருந்து பேசுகிறோம், அறைகள் தீரப்போகின்றன, கார்டு எண் சொல்லுங்கள்" என்று ஃபோன் வரும். மாநாட்டுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இருக்காது. என் அலுவலகத்தில் ஒருவர் நம்பிப் பணம் கட்டி, போய் இறங்கியபோது அவர் பெயரில் அறையே இல்லை. மாநாட்டின் சொந்தத் தளத்தில் இருக்கும் இணைப்பைத் தவிர வேறு எங்கும் கார்டு எண்ணைக் கொடுக்காதீர்கள்.

மண்டபம்_பிடித்தவள் எழுதியது:

தண்டவாளம், நீங்கள் சொல்வது நியாயம். நான் சொல்ல வந்தது அதே ஹோட்டலில் 15 டாலருக்காக வெளியே போட்டவர்களைப் பற்றி. கட்ட முடியாதவர்கள் வேறு இடத்தில் தங்குவதை யாரும் குறை சொல்லக் கூடாது. எங்கள் மூன்றாம் ஆண்டில் பக்கத்திலேயே சமையலறை வசதியுள்ள ஒரு விலை குறைந்த ஹோட்டலிலும் 40 அறை எடுத்தோம், அதுதான் முதலில் நிரம்பியது.

நடுநிசி_விமானம் எழுதியது:

வேம்பு, கையில் ஒரு மாற்று வழியையும் வைத்துக்கொள்ளுங்கள். பான்வாயில் பாயிண்ட் கொடுத்துத் தங்கும் இரவும் இரவுக் கணக்கில் ஏறும். ஏதாவது ஒன்றிரண்டு இரவு குறைந்தால், டிசம்பர் 31-க்குள் உங்கள் ஊரிலேயே பாயிண்ட் குறைவாகக் கேட்கும் ஒரு ஹோட்டலில் குடும்பத்தோடு ஒரு வார இறுதி தங்கிவிடுங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பயணம் போக வேண்டியதில்லை. 50 ஆகிவிட்டால் பிளாட்டினம் அடுத்த ஆண்டு முழுவதும், அதற்கடுத்த பிப்ரவரி வரை நிற்கும்.

இந்தப் பாயிண்டுக்கெல்லாம் வரி கட்ட வேண்டுமா என்று ஒரு நண்பர் தனியாகக் கேட்டிருந்தார். வேலைப் பயணத்தில் கிடைக்கும் மைல்கள் போன்ற சலுகைகளைச் சொந்தமாகப் பயன்படுத்தினால் வரி கேட்கமாட்டோம் என்று அமெரிக்க வரித் துறை 2002-இலேயே அறிவித்துவிட்டது. அவற்றைப் பணமாக மாற்றினால் அந்த அறிவிப்பு பொருந்தாது. உங்கள் நிறுவனம் அல்லது பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருந்தால் அதைப் பாருங்கள்.

ஓஹையோ_வேம்பு எழுதியது:

ஒரு வாரம் கழித்து வருகிறேன், நடந்ததை எழுதிவிடுகிறேன்.

முதலில் ஹோட்டலுக்கு ஃபோன் செய்தேன். என் பதிவு இருந்தது, மெம்பர்ஷிப் எண் இருந்த இடம் காலி. நடுநிசி சொன்னதேதான். எண்ணைச் சேர்த்தார்கள், ஹோட்டலின் உறுதி எண்ணைக் கொடுத்தார்கள். அதோடு இன்னொன்றும் தெரிந்தது: என் நான்கு இரவு அவர்கள் கணினியில் இரண்டு தனிப் பதிவாக இருந்தது, முதல் இரண்டு அமைப்பாளர் கணக்கில், பின் இரண்டு என் கார்டில்.

பிறகு அமைப்பாளர்களுக்கு எழுதினேன். மண்டபம்_பிடித்தவள் அக்கா ஊகித்தது சரி, பேச்சாளர்களுக்கான அறைகள் ஹோட்டல் கொடுத்த இலவச இரவுகள்தான். திருப்பித் தரச் சொல்லிக் கேட்டிருந்தால் அவர்களுக்கு உண்மையிலேயே சிரமமாகியிருக்கும். அதனால் வேறு மாதிரிக் கேட்டேன். எனக்கு ஒதுக்கிய இரண்டு இலவச இரவையும் போஸ்டர் வைக்கும் என் மாணவியின் பெயருக்கு மாற்ற முடியுமா, என் நான்கு இரவுக்கும் நானே பிளாக் விலையில் கட்டிவிடுகிறேன் என்று. இரண்டும் அதே நாட்கள். அடுத்த நாளே சரி என்று பதில் வந்தது, பெயர்ப் பட்டியலில் ஒரு பெயரை மாற்றுவது அவர்களுக்கு ஒரு நிமிட வேலையாம். மாணவி பெயரில் இருந்த கட்டண அறையை என் பெயருக்கு மாற்றி, என் பின் இரண்டு இரவோடு சேர்த்து ஒரே பதிவாக்கிவிட்டார்கள்.

ஆராய்ச்சி நிதியின் கணக்கும் மாறவில்லை. முன்பு என் இரண்டு இரவும் மாணவியின் இரண்டு இரவுமாக நான்கு. இப்போது என் நான்கு இரவு மட்டும், அதுவும் நான்கு. இதைத் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி மின்னஞ்சலில் ஒப்புதலும் வாங்கிவிட்டேன். மாணவியிடம் சொன்னபோது அவருக்கு அதைவிட மகிழ்ச்சி, எங்கே செக்-இன் செய்யும்போது தன் கார்டில் முன்தொகை பிடித்து வைத்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தாராம். இலவச அறைக்கும் மற்ற செலவுகளுக்காக ஒரு தொகை பிடித்து வைப்பார்கள் என்று ஹோட்டலில் சொன்னார்கள், அதற்கு என் கார்டைக் கொடுக்க ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள், நிரப்பிவிட்டேன்.

221 விலையையும் அமைப்பாளர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அது ரத்து செய்ய முடியாத முன்பண விலை, ஆகவே ஒப்பந்தத்தில் சேராது என்றார்கள். ஆனால் அதைப் பார்த்த பிறகு ஹோட்டலோடு பேசி, மாணவர்களுக்கென்று 20 அறையை 209 டாலருக்கு வாங்கியிருக்கிறார்களாம், நேற்று அறிவிப்பு வந்தது. தண்டவாளம், உங்களுக்குத்தான் இந்தச் செய்தி.

இப்போது ஆப்பில் நவம்பர் பயணம் 4 இரவு என்று தெரிகிறது. ஃபோலியோ வாங்கி, டிசம்பர் முதல் வாரத்தில் கணக்கில் ஏறியதும் இங்கேயே எழுதுகிறேன்.